மனம் எங்கே இருக்கிறது? மூளையைப் பற்றிச் சில அடிப்படைப் பாடங்கள்



எந்த மண்ணுக்கு எந்தப் பயிர் பொருந்தும், எந்த மாதத்தில் நாற்றுமேடை போட வேண்டும், மாடு தீன் எடுக்காவிட்டால் அதற்கு என்ன வருத்தம் என்பதை ஒரு கமக்காரருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எமது தலைக்குள் இருக்கும் மூளை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழித்து நிற்போம்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் சில முறைப்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "இரவில நித்திரை இல்லை." "பட்டாசு வெடிச்சாலும் நெஞ்சு பதறுது." "வெட்டி எடுத்த கால் இன்னும் நோகுது." "எல்லாம் மறந்து போகுது, எனக்கு விசர் பிடிக்குதோ?" இவற்றைச் சிலர் பேய்க்குற்றம் என்கிறார்கள். சிலர் பலவீனம் என்கிறார்கள். பாதிக்கப்பட்டவரோ வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்.

மூளையைப் பற்றிய சில அடிப்படை உண்மைகளை அறிந்தால் இந்த நான்கு முறைப்பாடுகளையும் விளங்கிக்கொள்ளலாம். அதுவே இப்பாடத்தின் நோக்கம்.

1. மூளை என்னும் உறுப்பு

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் நிறை உடையது. உடலின் நிறையில் இது 50 இல் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் 5 இல் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. பட்டினியோடும் நித்திரையின்றியும் இருப்பவரின் சிந்தனை தடுமாறுவதில் வியப்பில்லை.

மூளையில் முக்கியமான மூன்று பகுதிகள் உண்டு. பெரிய பகுதி மூளையம். பார்ப்பது, பேசுவது, கணக்குப் பார்ப்பது, தீர்மானிப்பது எல்லாம் இதைச் சார்ந்தவை. பின்புறத்தில் கீழே இருப்பது மூளி. தலையில் நெற்கட்டுடன் வரம்பில் விழாமல் நடக்க உதவுவது இது. அடியில் இருப்பது மூளைத்தண்டு. நாம் உறங்கும்போதும் மூச்சையும் இதயத் துடிப்பையும் இது பார்த்துக்கொள்கிறது.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்றக் கலங்களோடு தொடர்பு கொள்ளக்கூடியது. கலத்தினுள் செய்தி மெல்லிய மின்துடிப்பாக ஓடுகிறது. ஒரு கலத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள மிகச் சிறிய இடைவெளியை அநேகமாக இரசாயனப் பொருள்கள் மூலம் கடக்கிறது.

அப்படியானால் மனம் எங்கே? நாம் மனத்தைக் குறிக்க நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறோம். பயந்தால் நெஞ்சு அடிப்பதாலும் துக்கத்தில் நெஞ்சு கனப்பதாலும் வந்த பழக்கம் இது. ஆனால் அந்த நெஞ்சை அடிக்கச் செய்வது மூளையிலிருந்து வரும் கட்டளை. காலை வெட்டிப் பார்த்தால் உள்ளே "நடை" என்று ஒரு பொருள் இருக்காது. நடை என்பது கால் செய்யும் வேலை. அதுபோல மனம் என்பது மூளை செய்யும் வேலை எனலாம். ஆன்மா பற்றிய கேள்வி இப்பாடத்துக்கு அப்பாற்பட்டது. நாம் இங்கே பார்ப்பது நினைவு, அச்சம், கவலை, தீர்மானம் ஆகியவற்றை மட்டுமே.

2. வாய்க்கால் பாடம்

புதுத் தோட்டத்தில் முதன்முதல் நீர் இறைக்கும்போது தண்ணீர் அங்குமிங்கும் பரவும். அதே வழியால் நாள்தோறும் பாய்ச்சினால் அங்கே வாய்க்கால் பதிந்துவிடும். பிறகு வாளியைச் சரித்தவுடன் தண்ணீர் தானாகவே அந்த வழியால் ஓடும். நெடுநாள் பாய்ச்சாமல் விட்டால் வாய்க்காலில் புல் மூடும்.

மூளையும் ஏறத்தாழ இப்படித்தான் பழகுகிறது. சேர்ந்து வேலை செய்யும் நரம்புக் கலங்களுக்கு இடையிலான தொடர்பு உறுதிப்படுகிறது என்ற கருத்தை 1949 இல் கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் விரிவாக எடுத்துரைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதை வலுப்படுத்தின. சிறுவயதில் இந்தப் பழக்கம் விரைவாக நடக்கும். வயது போகப் போக மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்க்கால் நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்று பார்ப்பதில்லை. உழவையும் ஒட்டு வைப்பதையும் பழகும் அதே மூளைதான் அச்சத்தையும் பழகுகிறது.

3. இல்லாத காலில் வலி

மிதிவெடியாலும் எறிகணையாலும் கால் கைகளை இழந்தவர்கள் எம்மிடையே பலர். ஜெய்ப்பூர் கால் போட்டு மறுபடியும் தோட்ட வேலை செய்பவர்களும் உண்டு. அவர்களிற் பலர் வெளியில் சொல்லாத ஒரு செய்தி, இல்லாத பாதம் கடிக்கிறது, விரல்கள் முறுகி வலிக்கின்றன என்பதாகும். காலைப் புதைத்த இடத்தில் ஏதோ குறை என்று எண்ணுவோரும் உளர்.

இது புதிய செய்தி அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) காயப்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்த சைலஸ் வெயர் மிட்செல் இந்த வலியை விரிவாக எழுதினார். கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருக்கும் நோயாளரின் மூளை மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தைத் தொட்டால் நோயாளர் "விரல் கூசுகிறது" என்றார். அடுத்த இடத்தைத் தொட்டால் "உதடு" என்றார். உடம்பு முழுவதற்குமான ஒரு வரைபடம் மூளையில் இருப்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இந்த வரைபடத்தில் கைக்குரிய இடத்தின் அயலில் முகத்துக்குரிய இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1951 இல் பிறந்து, சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஓர் எளிய சோதனை செய்தார். கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதாக அவர் உணர்ந்தார். கை போய்விட்டது. ஆனால் மூளையில் கைக்குரிய காணி வெறுமையாகக் கிடக்கவில்லை. அயலிலிருந்து வரும் செய்திகளும் அங்கே போய்ச் சேருகின்றன என்று அவர் விளக்கினார். வெட்டுப்பட்ட நரம்பு நுனிகளும் இந்த வலிக்குக் காரணமாகின்றன.

அவர் கண்ட வைத்தியமும் எளியது. ஒரு நிலைக்கண்ணாடியை இரு கைகளுக்கும் நடுவே நிறுத்தி, இருக்கும் கையின் விம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியுமாறு வைப்பது. இருக்கும் கையை மெல்ல விரித்து மடக்கினால், இல்லாத கையும் விரிவதாகக் கண் மூளைக்குச் சொல்கிறது. முறுகிய விரல் தளர்ந்ததாகச் சிலர் உணர்ந்தனர். காலுக்கும் இவ்வாறு செய்யலாம். எல்லாருக்கும் குணம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய வைத்தியசாலைகளின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவிலோ, செயற்கைக் கால் பொருத்தும் நிலையத்திலோ இதைப் பற்றிக் கேளுங்கள். மருந்துகளும் உண்டு.

இல்லாத காலில் வரும் வலி உண்மையான வலி. அது பேயும் அன்று, பைத்தியமும் அன்று.

4. அபாய மணி

மூளையின் உள்ளே, இரு பக்கத்திலும், பாதாம் பருப்பின் வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. அதற்கு அமிக்டலா என்று பெயர். அபாயத்தை உணர்த்தும் மணி என்று இதைச் சொல்லலாம்.

இருட்டில் வழியில் கிடப்பதைக் கண்டு துள்ளி விலகுகிறோம். பிறகு பார்த்தால் அது கயிறு. துள்ளிய பிறகுதான் அது பாம்பா கயிறா என்ற ஆராய்ச்சி தொடங்குகிறது. ஏனென்றால் கண்ணும் காதும் தரும் செய்தி அபாய மணிக்கு ஒரு குறுக்கு வழியாலும், ஆராய்ந்து பார்க்கும் மூளையத்துக்கு நீண்ட வழியாலும் போகிறது என ஜோசப் லெடூ போன்ற ஆய்வாளர் காட்டினர். மணி அடித்ததும் சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பிகள் அதிரினலின் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. நெஞ்சு அடிக்கிறது, வியர்க்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் தயாராகிறது.

போர்க்காலத்தில் இந்த மணி பல உயிர்களைக் காத்தது. கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன், யோசிக்காமல் பங்கருக்குள் பாய்ந்தவர் தப்பினார். மூளை அந்தப் பாடத்தை ஆழமாக எழுதிக்கொண்டது. 2009 இல் போர் முடிந்தது. ஆனால் எழுதியது அழியவில்லை. ஆகையால்தான் திருவிழா வெடிச் சத்தத்திலும் கதவு அடிபடும் ஓசையிலும் அதே மணி அடிக்கிறது. நித்திரையில் அதே காட்சி வருகிறது. சிறு விடயத்துக்கும் பிள்ளைகள் மீது கோபம் பாய்கிறது.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993 இல் தமிழில் எழுதிய நூலுக்கு "மனவடு" என்று பெயரிட்டார். உடலில் காயம் ஆறினாலும் வடு நிற்பது போல, மனத்திலும் நிற்கும் என்பதைச் சொல்லும் சொல் அது. போரின் பாதிப்பு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்பதையும் அவர் தமது எழுத்துகளில் வலியுறுத்தியுள்ளார்.

அச்சத்தைப் பழகிய மூளை அமைதியையும் பழகும். ஆனால் பழைய பாடம் அழிக்கப்படுவதில்லை. அதன் மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது. எனவே நன்றாக இருந்தவருக்கும் இழப்பின் நினைவு நாளில் பழைய பதற்றம் திரும்பி வரலாம். அதைக் கண்டு, பட்ட பாடெல்லாம் வீண் என்று சோர்ந்துவிட வேண்டாம்.

5. ஞாபகம் ஒன்றல்ல

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. 1953 இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்தனர். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன் பின் நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசியவரையே புதியவர் என்று எண்ணுவார். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்குக் கொடுத்தபோது, அவரது கை நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது. முதல் நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை! 2008 இல் அவர் இறக்கும் வரை ஆய்வுகளுக்கு உதவினார்.

இதிலிருந்து தெரிவது, நிகழ்ச்சிகளை நினைவில் வைப்பது ஒரு வேலை, கைப்பழக்கத்தை வைப்பது வேறொரு வேலை என்பதே. மாவீட்டுத் திகதியை மறந்த முதியவர், கத்தியைக் கொடுத்தால் மாங்கன்றுக்கு ஒட்டு வைப்பார். "எல்லாம் மறந்து போச்சு" என்று சொல்பவரிடம் கையின் ஞாபகம் மிஞ்சியிருக்கும். அந்தக் கைக்கு வேலை கொடுப்பது நல்லது.

இந்த அறிவு வழக்குகளுக்குப் போவோருக்கும் தேவை. காணி வழக்குக்காகவோ, காணாமற்போன பிள்ளைக்கான மனுவுக்காகவோ, ஊரிலும் கொழும்புப் புதுக்கடையிலும் நீதிமன்றப் படியேறியவர்கள் எம்மிடையே உளர். சாட்சிக்கூண்டில் நிற்கும்போது "எத்தனையாம் திகதி? எத்தனை மணி?" என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கடும் அச்சத்தில் மூளை சில துண்டுகளை மிக அழுத்தமாகப் பதிகிறது. ஒரு மணம், ஒரு சத்தம், ஒருவர் உடுத்திருந்த சட்டையின் நிறம் போன்றவை. திகதியும் வரிசையும் சரியாகப் பதியாமல் போகலாம். அது பொய் சொல்வதற்கு அடையாளம் ஆகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஞாபகம் நிழற்படம் போன்றதன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. 1974 இல் எலிசபெத் லொப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரே வாகன விபத்துப் படத்தைப் பலருக்குக் காட்டினர். "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று கேட்கப்பட்டவர்கள், "முட்டியபோது" என்று கேட்கப்பட்டவர்களைவிடக் கூடிய வேகம் சொன்னார்கள். கேள்வியின் ஒரு சொல்லே நினைவை மாற்றியது. ஆகவே,

அ) நடந்ததை அமைதியான வேளையில், வேறொருவர் சொல்லைக் கலக்காமல், எழுதி அல்லது எழுதுவித்து வையுங்கள். எழுதிய திகதியையும் குறியுங்கள்.

ஆ) உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், முறைப்பாட்டுத் துண்டு ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள்.

இ) தெரியாததற்குத் "தெரியாது" என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன ஒரு திகதி உண்மையான சாட்சியத்தையும் கெடுத்துவிடும்.

6. காணியின் வரைபடம்

மொலேசன் இழந்த அந்த ஹிப்போகாம்பஸ் பகுதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்புக் கலங்கள் அங்கே இருப்பதை ஜோன் ஓகீப் 1971 இல் எலிகளில் கண்டார். இதற்காக 2014 இல் நோபல் பரிசு பெற்றார். 2000 இல் இலண்டன் வாடகைக்கார் சாரதிகளை ஆராய்ந்தபோது, ஆயிரக்கணக்கான தெருக்களை மனத்தில் வைத்திருக்கும் அவர்களுக்கு இப்பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது.

கமக்காரரின் மூளையிலும் தன் காணியின் வரைபடம் இருக்கிறது. கிணற்றடி, வேலி, எல்லைப் பனை, தண்ணீர் நிற்கும் பள்ளம் எல்லாம் அதில் உண்டு. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறிய குடும்பங்களிற் பல, 20, 25 ஆண்டுகளுக்குப் பின்பே தங்கள் காணியை மறுபடி கண்டன. வேலியுமில்லை, வீடுமில்லை, பற்றைக்காடு. அப்போது எல்லையைக் காட்டியவர்கள் முதியவர்களே. ஆனால் முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்த வரைபடம் இல்லை. "எங்கட ஊர்" என்ற சொல் மட்டுமே உண்டு.

முதியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை உட்கார்த்தி, காணியின் படத்தைத் தாளில் வரையச் செய்யுங்கள். எல்லைக்கு யார் யார் காணி, கிணற்றில் யாருக்குப் பங்கு என்பதையும் குறியுங்கள். போகக்கூடிய இடமானால் கூட்டிச் சென்று நடக்க விடுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத இடத்துக்கு மட்டும் போக வேண்டாம்.

7. நாம் செய்யக்கூடியவை

1. மூச்சு: பதற்றம் வரும்போது மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். செபமாலையோ, நமசிவாயமோ, திக்றோ, பழகிய மந்திரத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்வது பலருக்கு எளிது.

2. நித்திரை: ஒரே நேரத்தில் எழும்புங்கள். மாலைக்குப் பின் தேநீரைக் குறையுங்கள். கசிப்பும் சாராயமும் விரைவில் உறங்க வைக்கும், ஆனால் நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். மற்றவருடைய நித்திரைக் குளிசையை வாங்கிப் போட வேண்டாம்.

3. வேலை: முகாமென்றாலும் இரண்டு பானையில் கத்தரி, பயிற்றை வையுங்கள். பழகிய வேலை பழைய வாய்க்காலைத் திறக்கும்.

4. பேச்சு: பேச விரும்புபவரின் அருகில் இருந்து கேளுங்கள். விரும்பாதவரை "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்த வேண்டாம். அது காயத்தைக் கிளறும்.

5. சிறிது சிறிதாகப் பழகுதல்: பஸ்ஸில் ஏறப் பயந்தவர் முதல் நாள் தரிப்பிடம் வரை, பிறகு ஓர் ஊர் வரை, துணையோடு போகட்டும். ஒரேயடியாகத் தவிர்த்தால் அச்சம் வளரும்.

6. கிருமிநாசினி: 1990களின் நடுவில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்வாக இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கடும் நச்சுக் கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த 20 ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மனத்துயர் குறைந்துவிடவில்லை. ஆனால் கொடிய வேளை கடந்து போகும் வரை கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தது. மிஞ்சிய மருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையோ உணவோ இல்லாமை, சாக வேண்டும் என்ற பேச்சு, இல்லாத குரல் கேட்பது, குளிக்காமல் ஒதுங்கி இருப்பது ஆகியவை கண்டால் தாமதிக்க வேண்டாம். முன்பு "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்பது ஒரு வசையாக இருந்தது. இன்று மாவட்ட வைத்தியசாலைகள் பலவற்றிலும் உளநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926. கைமுறிவுக்கு வைத்தியரிடம் போவதில் வெட்கமில்லை. மூளையும் ஓர் உறுப்பே.

கூடிப் பேசுவதற்கான வினாக்கள்

1. எமது குடும்பத்தில் எந்தச் சத்தம், எந்த நாள் பழைய அச்சத்தைக் கொண்டு வருகிறது? அப்போது நாம் ஒருவருக்கொருவர் என்ன செய்கிறோம்?

2. உறுப்பு இழந்தவர்களிடம் வலியைப் பற்றி எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

3. எமது காணியின் படத்தை வரையக்கூடியவர் யார்? அவரோடு இருந்து அதைக் கற்கும் பிள்ளை யார்?

4. எமது மாதர் சங்கமும் கமக்காரர் சங்கமும் சேர்ந்து கிருமிநாசினியைப் பொது இடத்தில் பூட்டி வைக்க முடியுமா?

நான்காவது வினாவுக்கு அடுத்த கூட்டத்திலேயே முடிவு எடுங்கள். மற்ற மூன்றையும் வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின், ஆறுதலாகப் பேசுங்கள்.